தத்தன் ஏந்திய வாள்

சிவாலயத்தின் உள்சுற்றில் அறுபத்துமூவர் வரிசையைக் கடக்கும்போது, கண்ணப்பரையும் நால்வரையும் அடையாளம் கண்டு கைகூப்புகிறோம்; காரைக்கால் அம்மையார் எங்கே என்று தேடுகிறோம். மற்றவர்களைப் பொதுவாக ஒரு கும்பிடோடு கடந்துவிடுகிறோம். அந்த வரிசையில் ஏனாதிநாதர் என்று ஒருவர் இருக்கிறார். அவர் பாடல் பாடியவர் அல்லர். திருப்பணி செய்த அரசரும் அல்லர். சோழநாட்டு எயினனூரில் அரசகுமாரர்களுக்கும் வீரர்களுக்கும் வாட்பயிற்சி அளித்த ஆசான் அவர். அந்தத் தொழிலில் வந்த வருவாயை அடியார்களுக்கு அளித்து வாழ்ந்தார். இன்றைய சொல்லில் சொன்னால், ஒரு தற்காப்புக் கலைப் பயிற்சியாளர் நாயன்மார்களுள் ஒருவராக வணங்கப்படுகிறார்.

அன்பே சிவம் என்று போற்றும் சமயம், ஆயுதம் பழக்கிய ஒருவரை அடியார் வரிசையில் ஏன் வைத்தது? இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால், போர்க்கலை நம் மண்ணில் எப்படித் தோன்றியது, எப்படி வளர்ந்தது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். இன்று நம் பிள்ளைகளில் பலர் சிலம்பத்துக்கும் கராத்தேவுக்கும் செல்கிறார்கள். அவர்களை அனுப்பும் பெற்றோரும், அழைத்துச் செல்லும் தாத்தா பாட்டிகளும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு இது.

சண்டையும் கலையும்

சண்டையிடுவது மனிதனுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய செயல் அன்று. குழந்தைகூடக் கோபம் வந்தால் கையை ஓங்குகிறது. அந்தக் கையை எப்போது, எப்படி, எந்த அளவுக்கு ஓங்கலாம் என்பதை ஒருவர் வகுத்து, இன்னொருவர் பழகி, அடுத்த தலைமுறைக்கு ஒப்படைக்கும்போதுதான் அது கலையாகிறது.

இதற்கான மிகப் பழைய சான்றுகளில் ஒன்று எகிப்தில் உள்ளது. நைல் நதிக்கரையில் பெனி ஹசன் என்னுமிடத்திலுள்ள கல்லறைச் சுவர்களில், சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன், மல்யுத்தப் பிடிகளை அடுத்தடுத்த காட்சிகளாக நூற்றுக்கணக்கில் தீட்டி வைத்திருக்கிறார்கள். கிரேக்கர்கள் தம் ஒலிம்பிக் விழாவில் கி.மு. 708இல் மல்யுத்தத்தையும், கி.மு. 648இல் குத்தும் பிடியும் கலந்த பங்கிராத்தியத்தையும் சேர்த்தார்கள். நம் புராணங்களிலும் இந்தக் கலை உண்டு. கம்சனுடைய அரங்கில் கண்ணனை எதிர்த்த சாணூரனும், பலராமனை எதிர்த்த முஷ்டிகனும் மல்லர்களே. முஷ்டி என்றால் மூடிய கை. குத்துவதில் வல்லவன் என்பதை அவன் பெயரே சொல்கிறது. இந்தக் கலையைத் தொடங்கியவர்கள் நாங்களே என்று எந்த ஒரு நாடும் உரிமை கொண்டாட இயலாது. ஒவ்வொரு மண்ணிலும் ஒவ்வொரு தேவை அதை வளர்த்தது.

நம் மண்ணில் அந்தத் தேவை என்னவாக இருந்தது?

ஆநிரையும் நடுகல்லும்

விடை பசுவிடமிருந்து தொடங்குகிறது. பழந்தமிழர் போரின் முதல் திணை வெட்சி. பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து வருவது. கவரப்பட்ட நிரையை மீட்பது கரந்தை. நிலமும் பொன்னும் பெரும் செல்வங்களாவதற்கு முன்பே மாடு செல்வமாக இருந்தது; 'மாடு' என்ற சொல்லுக்கே செல்வம் என்ற பொருளும் உண்டு. மேய்ச்சல் நிலத்தில் மாட்டைக் காத்து நிற்பவனுக்கு வில்லும் வேலும் கோலும் தெரிந்திருக்க வேண்டும். அவன் அரண்மனைப் படைவீரன் அல்லன். ஊரான், இடையன், மலையடிவாரத்து வேட்டுவன்.

அவன் நிரையைக் காத்து உயிர்விட்டால், ஊரார் அவனுக்குக் கல் நட்டார்கள். கல்லைத் தேர்ந்தெடுப்பது, கொண்டு வருவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என்று அதற்கு ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. கோயிலில் சிலையைப் பிரதிஷ்டை செய்யும் முறையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். நமது ஊர்க் காவல் தெய்வங்கள் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கச்சிராயபாளையத்தில் வாழும் எனக்கு இந்த வரலாறு வெகுதொலைவில் இல்லை. எங்கள் ஊருக்கு மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலையைத் தாண்டி வடக்கே சென்றால் செங்கம் வட்டாரம். தமிழகத்தில் நடுகற்கள் மிகச் செறிந்து கிடைத்த பகுதிகளுள் அது ஒன்று. அவற்றைத் தொகுத்து, டாக்டர் இரா. நாகசாமி அவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்ற நூலைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை வெளியிட்டது. கல்லில் ஒரு வீரன் நிற்கிறான். ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள். அருகே சில வரிகள், வட்டெழுத்தில். எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், எந்த நிரை, யார் பட்டான் என்ற செய்தி மட்டுமே இருக்கும். புகழ்ச்சி உரைகள் கிடையாது.

அவற்றுள் எடுத்தனூர்க் கல் ஒன்று என்னை எப்போதும் நெகிழச் செய்வது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளை மீட்கும் பூசலில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்தான். அவன் வளர்த்த நாயின் பெயர் கோவிவன். அந்த நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது. இந்தச் செய்தியும் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. வீரனின் அருகே நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் மகேந்திரன் குடைவரைக் கோயில்களைக் குடைந்துகொண்டிருந்த காலத்தில், அவன் நாட்டின் ஒரு மூலையில் ஒரு நாயின் நன்றிக்கும் கல் நட்டிருக்கிறார்கள்.

செங்கம், அரூர்ப் பகுதிகளில் இத்தகைய நடுகற்கள் பல இன்றும் 'வேடியப்பன்' என்ற பெயரில் பூசை பெறுகின்றன. பொங்கல் வைத்து வணங்குகிறவர்களுக்கு அந்த வீரனின் பெயர் தெரியாது. காத்தவன் என்பது மட்டும் தெரியும். போர்க்கலையின் தோற்றத்தைப் பற்றி நம் மண் சொல்லும் முதல் செய்தி இதுவே. அது பிறரை வெல்வதற்காக மட்டும் பிறந்ததன்று, காவலுக்காகப் பயின்றது. காத்தவனையே ஊர் தெய்வமாக்கியது.

மலையமான் நாடு

ஊர்க்காவலிலிருந்து அரசர் படைக்கு வருவோம். கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன் மலையமான் திருமுடிக்காரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவன். முள்ளூர் மலை அவனுடையது. சேர, சோழ, பாண்டியர் மூவரும் தத்தம் போர்களுக்கு அவனுடைய துணையை நாடினார்கள். சேரனுக்காகக் கொல்லிமலைத் தலைவன் ஓரியை வென்று கொன்றவன் அவன். பின்னர் தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி திருக்கோவிலூரையே வென்றான். அந்த அதியமானின் பெயர் பொறித்த தமிழிக் கல்வெட்டு, திருக்கோவிலூருக்கு அருகில் சம்பையில் 1981இல் கண்டறியப்பட்டது. போரில் இந்தப் பக்கம் வந்த அதியனின் பெயரைத் தாங்கிய அந்தக் கல்வெட்டு, போர்ச் செய்தியைச் சொல்லவில்லை. துறவியர் தங்குவதற்கு அவன் பாழி அமைத்துக் கொடுத்ததைச் சொல்கிறது.

எங்கள் ஊர்ப் பெயரிலும் படையின் சுவடு இருக்கிறது. கச்சி என்பது காஞ்சி. பாளையம் என்பது படை தங்கும் இடம். கோமுகி ஆற்று நீரில் நெல்லும் கரும்பும் விளையும் இந்த ஊரின் பெயரைச் சொல்லும்போதெல்லாம், என்றோ இங்கு பாடியிறங்கிய வீரர்களை நாம் அறியாமலே நினைவுகூர்கிறோம்.

ஆயுதமில்லாப் போரும் அக்காலத்தில் சிறந்திருந்தது. சோழர் குடியில் பிறந்த போர்வைக்கோப்பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனோடு பொருது வென்றதைச் சாத்தந்தையார் என்ற புலவர் பாடியிருக்கிறார். அரச குடியினரே மற்போர்க் களத்தில் இறங்கிய காலம் அது. பிற்காலத்தில் முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் சூடிக்கொண்ட விருது 'மாமல்லன்'. மாமல்லபுரத்துக் கடற்கரைக்குச் செல்கிறவர்கள் எல்லாரும் ஒரு பெருமல்லனின் பெயரைத்தான் உச்சரிக்கிறார்கள்.

கோயிலை ஒட்டிய பள்ளிகள்

ஒரு கலை நிலைபெற வேண்டுமானால் அதற்கு நூலும் வேண்டும், பயிற்றுமிடமும் வேண்டும். வடமொழி மரபில் தனுர்வேதம் யஜுர்வேதத்தின் உபவேதமாகக் கருதப்படுகிறது. அக்னி புராணத்தில் அதற்கெனத் தனி அத்தியாயங்கள் உள்ளன. பொறியால் எறிவது, கையால் எறிவது, எறிந்து மீட்டுக்கொள்வது, கையிலிருந்து விடாமல் பொருவது, வெறுங்கையால் பொருவது என ஆயுதப் போரை அது ஐந்தாகப் பிரிக்கிறது. விற்போரை முதலிலும், ஈட்டிப் போரை நடுவிலும், வாட்போரைக் கடையிலும், கைப்போரை அதற்கும் கீழே வைத்தும் மதிப்பிடுகிறது.

பயிற்றுமிடங்களில் 'சாலை' என்று அழைக்கப்பட்டவை குறிப்பிடத்தக்கவை. கன்னியாகுமரி மாவட்டத்துப் பார்த்திவபுரத்தில், ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866இல் திருமாலுக்கு ஒரு கோயில் எடுத்து, அதையொட்டி 95 மாணவர்களுக்கு ஒரு சாலையும் நிறுவினான். புகழ்பெற்ற காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டது அது. அதன் செப்பேட்டில் மாணவர்களுக்கான ஒழுங்குவிதிகளும் உள்ளன. உடன் பயில்வோரை இகழ்ந்து பேசினாலும், ஆயுதத்தால் தாக்கினாலும் தண்டம் என்று அவை சொல்கின்றன. கோயிலின் நிழலில் நடந்த கல்விச்சாலையில் ஆயுதமும் இருந்திருக்கிறது. அதை எங்கே எடுக்கக்கூடாது என்ற வரம்பும் இருந்திருக்கிறது.

மலைக்கு அப்பால், கேரளத்தில் களரி இதே பொறுப்புணர்வோடு வளர்ந்தது. 42 அடி நீளமும் 21 அடி அகலமும் கொண்டு, தரைமட்டத்துக்குக் கீழே தோண்டிய குழிக்களரி, வாயில் கிழக்கே. தென்மேற்கு மூலையில் ஏழு படிகள் கொண்ட பூத்தறையில் தெய்வம். மாணவன் வலக்காலை முதலில் வைத்து இறங்கி, மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்து, பூத்தறையையும் ஆசானையும் வணங்கிய பிறகே பயிற்சி. முதலில் உடலைப் பதப்படுத்தும் மெய்ப்பயிற்சி, பிறகு கோல், அதன் பின்னரே வாளும் கேடயமும் ஈட்டியும், நிறைவாக வெறுங்கை. கூரிய ஆயுதத்தைத் தொடுவதற்கு முன் ஒருவன் தன் உடலையும் மனத்தையும் ஆளக் கற்றிருக்க வேண்டும் என்பதே இந்த வரிசையின் உட்பொருள்.

கோலும் வர்மமும்

தமிழகத்தில் ஏழை எளியவருக்கும் எட்டிய போர்க்கலை சிலம்பம். 'சிலம்பு' என்ற சொல்லுக்கு ஒலி என்றும் மலை என்றும் பொருள் உண்டு. கோல் காற்றைக் கிழிக்கும்போது எழும் ஒலியால் இப்பெயர் வந்தது என்பார்கள் சிலர். மலைநாட்டில் பிறந்ததால் வந்தது என்பார்கள் சிலர். மலையடிவாரத்தில் வாழும் எனக்கு இரண்டும் பொருத்தமாகவே தோன்றுகின்றன. மூங்கில் விளையும் மலை, மாடு மேய்க்கும் மக்கள், வழியில் பாம்பும் பன்றியும் கரடியும். ஒரு கோல் எப்போதும் கையில் இருந்தாக வேண்டிய வாழ்க்கை அது.

சிலம்பத்தைப் பார்ப்பவர்கள் சுழலும் கோலைப் பார்க்கிறார்கள். ஆசான் பார்ப்பது காலை. காலடி வரிசை பிழைத்தால், கை எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் பயனில்லை. அதனால்தான் பல ஆசான்கள் முதல் சில வாரங்கள் மாணவன் கையில் கம்பே கொடுப்பதில்லை. போட்டி முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. தொடுமுறைப் போட்டியில், எதிராளியின் உடலைக் கோல்முனை தொட்டாலே வெற்றிப்புள்ளி. அடித்து வீழ்த்த வேண்டியதில்லை. தொட முடிந்தவனால் அடிக்கவும் முடியும் என்பது பார்ப்பவர் எல்லாருக்கும் தெரியும். அடிக்கவில்லை என்பதே அவன் தேர்ச்சி.

வர்மக்கலையும் இதையே சொல்கிறது. உடலில் 107 மர்மங்கள் உள்ளதாக சுசுருத சம்ஹிதை கூறும். தமிழ் மரபு 108 வர்மங்களைக் கூறி, படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று வகுக்கும். அகத்தியரை ஆதி ஆசானாகக் கொள்ளும் இந்த மரபில், அடியைக் கற்பவன் அந்த அடியால் விழுந்தவனை எழுப்பும் இளக்குமுறையையும் கற்க வேண்டும். குமரி மாவட்டத்து வர்ம ஆசான்கள் பலர் எலும்பு முறிவுக்கும் சுளுக்குக்கும் மருத்துவம் பார்ப்பவர்களாகவே ஊரில் அறியப்பட்டவர்கள்.

ஆங்கிலேயர் ஆட்சியில், குறிப்பாக 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்துக்குப் பிறகு, உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருப்பது குற்றமானது. வாளும் வேலும் வீட்டைவிட்டுப் போயின. கோல் மட்டும் கோலாகவே தங்கிவிட்டது. திருவிழாவில் சாமி ஊர்வலத்துக்கு முன்னால் ஆடும் சிலம்பாட்டமாக, ஊர்த் தெய்வத்தின் பாதுகாப்பில், இந்தக் கலை தலைமுறைகளைக் கடந்து நம்மிடம் வந்து சேர்ந்தது. மாரியம்மன் கோயில் திருவிழாவில் சிலம்பம் ஆடியவர்களுக்கு ஊரார் போர்த்திய துண்டும், வைத்துக்கொடுத்த வெற்றிலை பாக்கும்தான் நெடுங்காலம் இந்தக் கலைக்குக் கிடைத்த ஒரே ஊதியம்.

போதிதருமர் பற்றி

இந்த இடத்தில் வாசக அன்பர்கள் பலரும் எதிர்பார்க்கும் பெயர் போதிதருமர். காஞ்சியிலிருந்து சென்ற பல்லவ இளவரசர் சீனத்து ஷாலின் மடத்தில் குங்ஃபூவைக் கற்பித்தார் என்ற செய்தி, 2011இல் வெளிவந்த திரைப்படத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு பரவிவிட்டது. பெருமிதம் தரும் செய்திதான். ஆயினும் சான்றுகளைப் பொறுமையாகப் பார்ப்பது நல்லது.

ஷாலின் மடம் கி.பி. 495இல், இந்தியாவிலிருந்து சென்ற வேறொரு துறவிக்காக நிறுவப்பட்டது. போதிதருமரைக் குறிப்பிடும் 547ஆம் ஆண்டுச் சீன நூல் அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. அதே நூற்றாண்டைச் சேர்ந்த தான்லின் என்பவரின் குறிப்பு, தென்னிந்திய மன்னரின் மூன்றாம் மகன் என்கிறது. இந்தப் பழைய குறிப்புகள் இரண்டும் அவரைத் தியான நெறியின் ஆசிரியராகவே காட்டுகின்றன. போர்ப்பயிற்சி பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவரோடு உடற்பயிற்சி முறையை இணைக்கும் நூல் 1624ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதாவது ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிந்தையது. ஷாலின் துறவியர் போரிட்டதற்கான உறுதியான சான்று 728ஆம் ஆண்டுக் கல்வெட்டு. 621இல் டாங் வமிசத்து இளவரசர் லீ ஷிமினுக்கு அவர்கள் துணை நின்றதை அது பதிவு செய்கிறது.

நம் நாட்டுத் துறவி ஒருவர் கடல் கடந்து சென்று கோடிக்கணக்கானோர் போற்றும் தியான மரபுக்கு முதல்வராக மதிக்கப்படுவதே போதிய பெருமை. குங்ஃபூவையும் அவர் தலையில் ஏற்ற வேண்டிய தேவை நமக்கில்லை. நமது போர்க்கலைக்குச் சான்று தேடிச் சீனம் வரை செல்லவும் வேண்டாம். அது செங்கத்து வயல்வெளியில் கல்லாக நிற்கிறது. அதைவிட உயர்ந்த சான்று ஒன்று திருக்கோவிலூரில் இருக்கிறது. அதற்கு முன் ஏனாதிநாதரின் வரலாற்றை நிறைவு செய்வோம்.

ஆசான் தோற்ற போர்

எயினனூரில் அதே தொழிலைச் செய்தவன் அதிசூரன். ஏனாதிநாதரிடம் மாணவர்கள் பெருகப் பெருக அவனுடைய வருவாய் குன்றியது; பொறாமை மூண்டது. வலிமை உடையவர் எவரோ அவரே வாள் பயிற்றும் உரிமையைக் கொள்ளட்டும் என்று படைதிரட்டி வந்தான், தோற்று ஓடினான். பிறகு, வீணாகப் பிறர் மடிய வேண்டாம், நாம் இருவர் மட்டும் தனியிடத்தில் பொருவோம் என்று சொல்லி அனுப்பினான். அதுவரை திருநீறே அணிந்தறியாத அவன், மறுநாள் நெற்றி நிறைய நீறு பூசி, அதைக் கேடயத்தால் மறைத்துக்கொண்டு வந்தான். ஏனாதிநாதரின் வாள் அவனை வீழ்த்தவிருந்த கணத்தில் கேடயத்தை விலக்கினான்.

நீற்றைக் கண்டதும் ஆசானின் கை நின்றது. சிவனடியார் ஆகிவிட்டவரை வெட்டுவதில்லை என்று தீர்மானித்தார். ஆயுதத்தைக் கீழே போட நினைத்தவர், உடனே வேறொன்றை எண்ணினார். நிராயுதபாணியைக் கொன்றான் என்ற பழி எதிரே நிற்பவருக்கு வந்துவிடக்கூடாதே! அதனால் வாளையும் கேடயத்தையும் ஏந்தியபடியே, எதிர்ப்பவர்போல நின்று, வெட்டை ஏற்றார். இறைவன் தோன்றி அவரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார் என்று சேக்கிழார் பெருமான் அருளியிருக்கிறார்.

வாழ்நாள் முழுதும் வெட்டக் கற்றுக்கொடுத்தவர், வெட்டாமல் நின்ற அந்த ஒரு கணத்தால் நாயனார் ஆனார். தம்மைக் கொல்ல வந்தவனின் பெயர் கெடக்கூடாது என்று கருதும் அளவுக்கு அவர் உள்ளம் பண்பட்டிருந்தது.

திருக்கோவிலூர்த் தத்தன்

இப்போது எங்கள் மாவட்டத்துக்கு வருவோம். திருக்கோவிலூர் அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்று. அந்தகாசுரனை இறைவன் வென்ற இடம். முதலாழ்வார்கள் மூவர் சந்தித்த உலகளந்த பெருமாள் கோயிலும் அங்கேதான். அவ்வூரிலிருந்து சேதிநாட்டை ஆண்ட மலையமான் குலத்து மன்னர் மெய்ப்பொருள் நாயனார். அவரைப் போரில் வெல்ல முடியாமல் பலமுறை தோற்றவன் முத்தநாதன். அவன் உடலெங்கும் நீறு பூசி, சடைமுடி தரித்து, புத்தகக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு அரண்மனைக்குள் நுழைந்தான். சிவனடியார் என்று நம்பி வாயில்காவலர் வழிவிட்டார்கள். பள்ளியறை வாயிலில் நின்ற மெய்க்காவலன் தத்தன் தடுத்தும் அவன் கேளாமல் உள்ளே சென்றான். ஆகமம் உரைப்பதாகச் சொல்லி, அரசர் தாழ்ந்த இடத்தில் அமர்ந்து வணங்கிய வேளையில் குத்திவிட்டான்.

தத்தன் பாய்ந்து வந்து வாளை ஓங்கினான். விழுந்துகொண்டிருந்த மன்னர் தம் கையால் அவனைத் தடுத்தார். இவர் நம்மவர் என்றார். அது மட்டுமன்று; இவருக்கு இடையூறு நேராமல் ஊர் எல்லை வரை கொண்டுபோய் விட்டு வா என்றும் பணித்தார்.

மெய்ப்பொருளாரின் பெருமையை நாம் பலகாலம் பேசியிருக்கிறோம். தத்தனைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அவன் நிலையைச் சற்று நினைத்துப் பாருங்கள். அவன் பயின்ற கலை, உண்ட சோறு, நின்ற காவல் எல்லாம் ஓர் உயிரைக் காப்பதற்காக. அந்த உயிர் அவன் கண்முன்னே போய்க்கொண்டிருக்கிறது. போக்கியவன் வாளுக்கு எட்டும் தூரத்தில் நிற்கிறான். ஒரே வீச்சு போதும். ஊரே அதைச் சரி என்று சொல்லும். ஆனால் தத்தன் ஓங்கிய வாளைத் தாழ்த்தினான்.

செய்தி அறிந்து ஊர் மக்கள் திரண்டு முத்தநாதனைக் கொல்லச் சூழ்ந்தார்கள். தத்தன் அவர்களை விலக்கி, அரசரின் ஆணையைச் சொல்லி, அந்தக் கொலைகாரனுக்கு முன்னே தானே காவலாக நடந்தான். ஊரைக் கடந்து, நாட்டு மக்கள் வராத காட்டுவழி வரை கொண்டுபோய் விட்டுத் திரும்பினான். உயிரைத் தாங்கிக்கொண்டு காத்திருந்த மன்னரிடம், அவர் இடையூறின்றிச் சென்றார் என்று அறிவித்தான். இன்று எனக்கு நீ செய்ததை வேறு யார் செய்ய வல்லார் என்று மன்னர் அவனைப் பாராட்டினார் என்கிறது பெரியபுராணம்.

அன்று தத்தனின் கையில் வாள் இருந்தது. அந்த வாள் இல்லாவிட்டால் சினங்கொண்ட கூட்டத்தை அவனால் தடுத்திருக்க முடியாது. ஆகவே அவன் கலை அன்று பயன்படாமல் போகவில்லை. முன்னெப்போதையும்விட முழுமையாகப் பயன்பட்டது. வலிமையற்றவன் பொறுத்துக்கொள்வது வேறு. வலிமை நிறைந்தவன் தன் சினத்தை வென்று, பகைவனையும் காத்து நடப்பது வேறு. பகைவர்மேல் இரக்கமின்றிப் பாயும் வீரத்தை ஆண்மை என்று சொன்ன திருவள்ளுவர், அந்தப் பகைவனுக்கு ஒரு துன்பம் வந்தபோது உதவுவதையே அவ்வீரத்தின் கூர்மை என்று 'படைச்செருக்கு' அதிகாரத்திலேயே சொல்லியிருக்கிறார். கூர்மை இல்லாத ஆயுதம் வெறும் இரும்பு.

பிள்ளைகளை அனுப்பும் முன்

சிலம்பத்துக்கு இப்போது நல்ல காலம். 2024 ஜனவரியில் தமிழகத்தில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டிலும் சிலம்பம் சேர்க்கப்பட்டிருக்கிறது. எங்கள் பகுதியில் மாலை வேளைகளில் பெண் குழந்தைகளும் கம்போடு செல்வதைப் பார்க்கிறேன். மனம் நிறைகிறது. துண்டும் வெற்றிலை பாக்கும் மட்டுமே பெற்றுவந்த கலைக்கு இப்போது சான்றிதழும் வேலையும் கிடைக்கின்றன. அதில் தவறு ஒன்றுமில்லை.

ஆனால் சான்றிதழுக்காக மட்டும் அனுப்பினால், பிள்ளை கோலைச் சுழற்றக் கற்கும், தாழ்த்தக் கற்காது. எங்கள் பக்கத்துப் பயிற்சிக்களம் ஒன்றில், பள்ளிக்கூடத்து வழியில் உடன் படிக்கும் பையனைக் கம்பால் அடித்துவிட்டான் ஒரு மாணவன். ஆசான் அவனை விலக்கிவிடவில்லை. ஒரு மண்டலம், 48 நாள், அவன் கையில் கம்பு கொடுக்கவில்லை. தினமும் முதலில் வந்து களத்தைக் கூட்டித் தண்ணீர் தெளிக்க வேண்டும். காலடி வரிசை மட்டும் பழக வேண்டும். அடிபட்ட பையன் வீட்டுக்குச் சென்று வணங்கி வர வேண்டும். பையனின் தந்தைக்குக் கோபம். மாவட்டப் போட்டி வருகிறதே என்றார். போட்டி அடுத்த ஆண்டும் வரும் என்றார் ஆசான். அத்தகைய ஆசான் அமைந்தால் கட்டணம் எவ்வளவு என்று கேட்காதீர்கள்; பிள்ளையை ஒப்படைத்துவிடுங்கள்.

வங்கியில் பணியாற்றிய நாள்களில் வாயிலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலரைத் தினமும் கண்டிருக்கிறேன். பெரும்பாலும் ஓய்வுபெற்ற ராணுவ வீரர்களாக இருப்பார்கள். என் பணிக்காலம் முழுவதிலும் அவர்களில் ஒருவர்கூடச் சுட நேர்ந்ததில்லை. அதனால் அவர்கள் வேலை செய்யவில்லை என்று யாரும் சொன்னதில்லை. அவர்கள் நின்றதால்தான் நாங்கள் உள்ளே நிம்மதியாகப் பணத்தை எண்ணினோம்.

அடுத்த முறை சிவாலயம் செல்லும்போது, பிள்ளைகளை அறுபத்துமூவர் வரிசைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஏனாதிநாதர் யார், மெய்ப்பொருளார் யார் என்று காட்டுங்கள். சிலம்பமோ கராத்தேவோ பழகும் பிள்ளையாக இருந்தால், அங்கேயே தத்தனின் கதையையும் சொல்லுங்கள். தத்தனுக்கு அந்த வரிசையில் சிலை இல்லை. ஆனால் அவன் கதையைக் கேட்டு வளரும் பிள்ளை, கையில் கோல் இருக்கும்போது என்ன செய்யக்கூடாது என்பதை அறிந்து வளரும். அந்த அறிவை எல்லாப் பிள்ளைகளுக்கும் திருக்கோவிலூர் வீரட்டேசுவரர் அருளட்டும்.